மழை பெய்தால் அப்பா வீட்டில் இருப்பார்

பத்து வயதில் எனக்குத் தெரிந்த பெரிய சந்தோஷம் விடிகாலை மழை. சாயங்கால மழையில் ஒரு லாபமும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வந்து பாட்டியிடம் திட்டு வாங்குவதோடு அது முடிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குத் தொடங்கி, ஓட்டின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பெய்தால் காலையில் கண் விழிக்கும்போது அப்பா வீட்டில் இருப்பார்.

மற்ற நாளில் இருக்கமாட்டார். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் பொன்மனைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. இரண்டரைக்கு எழுந்து, கடுங்காப்பி குடித்து, நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், மூன்று மணிக்கு முதல் மரத்தில் கத்தி வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு 300 மரத்துக்கு மேல். வெட்டி முடித்து, சிரட்டையில் பால் நிறையும் வரை காத்திருக்கும்போது அம்மா வாளியோடு போய்ச் சேருவாள். இருவருமாகப் பாலெடுத்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விட்டு, முந்தின நாள் உறைந்ததை மெஷினில் ஷீட் அடித்துவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். நாங்கள் எழுந்து பள்ளிக்கூடம் போகிற வரை வீட்டில் பாட்டி மட்டும்தான்.

மழை வந்தால் மரம் நனைந்துவிடும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டு வழியே இறங்காமல் மேலெல்லாம் பரவும். சிரட்டையில் விழுந்ததும் மழைத்தண்ணீரில் கலந்து போகும். மழைக்கு மறைப்பாக மரத்தில் பிளாஸ்டிக் ஒட்டும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் அப்போது இல்லை. ஆகவே மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் அப்பா ஆறரை வரை உறங்குவார். எழுந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் வந்து குத்தவைப்பார்.

சித்திரை, வைகாசியில் தின்ற சக்கையின் (பலாப்பழத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) கொட்டைகளைப் பாட்டி மண்ணில் புரட்டி ஒரு பானையில் போட்டு வைத்திருப்பாள். ஆனி, ஆடி மழையில்தான் அந்தப் பானையைத் திறப்பது. அப்பா கொட்டைகளைக் கனலுக்குள் புதைத்து வைப்பார். தோல் 'டப்'பென்று வெடித்ததும் எடுத்து, சாம்பலைத் தட்டி, ஊதி ஊதி எங்கள் கையில் போடுவார். உள்ளங்கை பொறுக்கும் சூட்டுக்கு அது வந்துவிட்டதா என்று அவருக்கு எப்படியோ தெரியும். கூடவே கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. மழை நின்றால் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்து தருவார். கல்லில் அடித்தால் ஓட்டுக்கு மேல் எம்பும். கடைப் பந்து எதுவும் அதன் கிட்ட வராது. ஆனால் வாடை அடிக்கும். அப்பாவின் சட்டையிலும் அதே வாடைதான். வகுப்பில் ஒரு பையன் மூக்கைப் பொத்திக் காட்டிய நாளிலிருந்து என் பள்ளிச் சீருடையை அப்பாவின் துணிகளோடு ஒரே கொடியில் காயப்போட விடமாட்டேன். அதற்குக் காரணம் என்ன என்று அப்பா கேட்டதில்லை.

ஜூனில் எங்கள் பக்கத்துக்கு எல்லாமே சேர்ந்து வரும். பள்ளிக்கூடம் திறக்கும், பேச்சிப்பாறை அணை திறந்து சானலில் தண்ணீர் வரும், மழையும் வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகைக்காகக் காத்துக்கொண்டிருக்க, எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பிள்ளைகளுக்கு இரட்டை அதிர்ஷ்டம். பொன்மனைக் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நான் மழையைத்தான் கேட்பேன்.

இதில் வேறொரு கணக்கு இருப்பது எனக்குத் தெரிந்தது 18 வயதில், நாகர்கோவிலில், தாவரவியல் வகுப்பில். பகலில் மரம் இலை வழியே நீரை விட்டுக்கொண்டிருப்பதால் பால்குழாய்களில் விறைப்பழுத்தம், அதாவது உள்ளே நிறைந்த நீர் தரும் அழுத்தம், குறைந்துவிடும். விடிவதற்கு முன்புதான் அது கூடுதலாக இருக்கும். அந்த நேரத்தில் வெட்டினால் பால் நன்றாக ஓடும் என்று ஆசிரியை பலகையில் படம் போட்டு விளக்கினார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அப்பாவின் இரண்டரை மணிக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி விடுதியில் மழை பெய்தது. கான்கிரீட் கூரை, ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறிப்பதை வைத்துத்தான் மழை என்றே தெரிந்தது. படுத்தபடியே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

வெட்டிய நாளுக்குத்தான் கூலி. ஆடியில் சேர்ந்தாற்போல எட்டு நாள் பெய்தால் எட்டு நாளும் கூலி இல்லை. ஐப்பசியில் மறுபடியும் அப்படியே. நடுவில் தை, மாசியில் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது வெட்டை நிறுத்திப்போடுவார்கள். பலசரக்குக் கடையில் எங்கள் பற்று எப்போதும் ஏன் தீராமலே கிடந்தது என்று அன்றுதான் புரிந்தது. ஒரு காலையில் நான் "மழை! மழை!" என்று முற்றத்தில் குதிக்க, அம்மா தலை நிமிராமல் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டின் நஷ்டத்தை நான் சாமியிடம் வேண்டி வேண்டி வாங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு மழை ருசிக்கவில்லை. வேலை கிடைத்து, நாகர்கோவிலிலேயே கல்யாணமாகி, மகள் பிறந்து, எல்லாம் நடந்தது. அப்பா வெட்டை நிறுத்தி வருஷக்கணக்கான பிறகும் விடிகாலையில் மழை பெய்தால் எனக்கு விழிப்புத் தட்டும். ஏதோ கடன்காரி போலக் கிடப்பேன். வளர்ந்துவிட்டோம், உலகம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு ஆனி மாதம். ஊருக்குப் போயிருந்தேன். வராந்தாவில் அப்பாவும் நானும் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. நான் வழக்கம்போல், "அந்தக் காலத்துல மழ பெஞ்சா ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், இல்லியாப்பா?" என்றேன்.

"இருக்காதா பின்ன. சனிக்கெழம கடைக்காரன் முன்னால போய் நிக்கணும்லா" என்றார், வழக்கம்போல். எத்தனையோ தடவை இந்த இரண்டு வரியோடு எங்கள் பேச்சு நின்றிருக்கிறது. அன்றைக்கு என்னவோ, இன்னொரு கேள்வி வாயில் வந்தது.

"அப்போ ஒங்களுக்கு எதுதான் பிடிச்சிருந்து?"

கத்தியை நிறுத்தாமல் சொன்னார்: "மழதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "ரெண்டு மணிக்குத் தன்னால முழிப்பு வரும். ஓட்டுல சத்தம் கேக்கும். இன்னைக்கு வெட்டு இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பிப் படுப்பேன் பாரு, அந்த ஒறக்கம் இருக்கே மக்ளே, அது ராசாவுக்குக் கெடைக்காது. கூலி போச்சேங்கிற நெனப்பெல்லாம் ஆறு மணிக்கு மேலதான் வரும்." கொஞ்சம் கழித்து, "சக்கக்கொட்ட ஒங்களுக்காகச் சுட்டேன்னா நெனச்ச? எனக்கு அது கொள்ளாம், கேட்டியா" என்றார். கொள்ளாம் என்றால் எங்கள் பேச்சில் பிடிக்கும் என்று அர்த்தம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நிம்மதியாகத் திரும்பிப் படுத்து உறங்கிய மனிதருக்காகவா நான் இத்தனை வருஷம் உறங்காமல் கிடந்தேன்? உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "அவருக்கு ஒறக்கம். எனக்கு நனஞ்ச வெறகு." மழை நாளில் புகையும் அடுப்பு, காயாத துணி, வீட்டுக்குள்ளேயே சுற்றும் பிள்ளைகள், அவர்களோடு கூடுதலாக ஒரு ஆள். அம்மாவுக்கு மழை அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. ஆக, நான் பட்ட குற்றவுணர்வு முழுக்க வீண் என்றும் சொல்ல முடியவில்லை. விலாசம்தான் தப்பு.

வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்க நினைப்பவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம் உண்டு. 'கஷ்டப்பட்டீங்களா' என்று கேட்டால் கஷ்டக் கதைதான் வரும். அதை அவர்கள் பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். 'எது பிடிச்சிருந்தது' என்று கேளுங்கள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் பேச்சு வராது. கையில் வேலை இருக்கட்டும், பூக்கட்டுவதோ கிழங்கு சீவுவதோ. அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் சொல்ல இன்னொருவர் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

கிழங்கைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதிலும் எனக்கு ஒரு பாடம் இருந்தது. மழைக்குக் கிழங்கும் சாளை மீன் கறியும் எங்களுக்குச் சொர்க்கம். ஆனால் பாட்டி கிழங்கைத் தொடமாட்டாள். எவ்வளவு இல்லாவிட்டாலும் தனக்கு ஒரு பிடி சோறு வேண்டும் என்பாள். பாட்டிக்கு வாய்க்கொழுப்பு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா என்றும், 1942இல் பர்மா ஜப்பான்காரர்கள் கையில் போய் அரிசி வரத்து நின்றபோது எங்கள் பக்கத்து ஜனங்களைக் கிழங்குதான் உயிரோடு வைத்தது என்றும் பின்னால் படித்தபோது பாட்டியின் பிடி சோறு விளங்கியது. பாட்டிக்கு அப்போது பதின்வயது. வேளைக்கு வேளை அதையே தின்றிருக்கிறாள். இன்றைக்கு நெடுஞ்சாலை ஹோட்டலில் அதே கிழங்கு வாழையிலையில் ஜோடித்து வருகிறது. பில்லைப் பார்த்தால் பாட்டி மறுபடியும் செத்துப்போவாள்.

புதிதாகக் கிழங்கு வேகவைக்கிறவர்களுக்கு ஒன்று: தோலையும் அதற்கு அடியில் இருக்கும் கட்டித்தொலியையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். நிறையத் தண்ணீரில், பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். கிழங்கில் இயற்கையாகவே சயனைடு விஷத்தன்மை உண்டு; பச்சையாகத் தின்னக் கூடாது, கசந்தால் வைத்துக்கொண்டு யோசிக்காமல் தூரக் கொட்டிவிட வேண்டும். வடித்த பிறகு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் சதைத்துப் போட்டு, உப்பும் சேர்த்து அகப்பைக் காம்பால் கிளறினால் போதும். மீன் விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. விசைப்படகுத் தடை கிழக்குக் கரைப் பக்கம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடியும். மேற்குக் கரைப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு பக்கமும் சேர்ந்து அடைபடுவது ஜூன் முதல் பாதியில் மட்டும்தான். அந்த இரண்டு வாரமும் வள்ளத்தில் வருகிற சாளையோ நெத்திலியோ கிடைத்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் மாங்காய்ச் சம்மந்தி என்கிற துவையல். முன்பெல்லாம் பெரிய மீன் கிடைக்காத நாளில் எரிச்சல் வரும். இப்போது அந்த இரண்டு வாரத்துக்கும் ஒரு ருசி இருப்பதாகப் படுகிறது. வயதாகிறது போல.

மட்டி வாழைப்பழத்தில் நான் அடிபட்டது தனிக் கதை. விரல் நீளத்துக்கு இருக்கும், தோல் மெல்லிசு, மணம் அறையை நிறைக்கும். கைக்குழந்தைக்கு எங்கள் பக்கத்தில் அதைத்தான் முதலில் மசித்துக் கொடுப்பார்கள். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சின்ன வயதில் ஆளுக்கு ஒன்றுதான் கிடைக்கும். தம்பிக்கு என்னுடையதைவிடப் பெரியது போயிற்றா என்று அளந்து பார்த்துத்தான் உரிப்பேன். முதல் சம்பளம் வாங்கியதும் ஆசை தீர ஒரு குலையே வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாகப் பழுத்தது. ஐந்தாம் நாள் ஈ மொய்த்தது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, பசுமாட்டுக்கும் கொடுத்தேன். அதற்கப்புறம் ஆறு மாதம் மட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்போது வடசேரிச் சந்தையில் அரைச் சீப்புக்கு மேல் வாங்குவதில்லை. பழக்கடைக்காரர் "முழுசா எடுத்துக்கங்க, விலை குறைச்சுத் தாறேன்" என்பார். வேண்டாம் அண்ணே என்று விடுவேன். சம்பளம் கூடியதும் நாம் முதலில் கெடுப்பது இந்த மாதிரி சின்ன ஆசைகளைத்தான். அளவைக் கூட்டிக் கூட்டியே கெடுத்துவிடுகிறோம்.

மகளிடமும் இதே தப்பைத்தான் வேறு விதத்தில் செய்தேன். அவளுக்குப் பத்து வயதானபோது, எனக்குப் பத்து வயதில் கிடைத்ததெல்லாம் அவளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஒரு வெறி. சானலில் குளிக்கக் கூட்டிப்போனேன். படியில் நின்று பார்த்துவிட்டு, "தண்ணியில பிளாஸ்டிக் மிதக்குது, நான் எறங்கமாட்டேன்" என்றாள். மிதக்கத்தான் செய்தது. சக்கைக்கொட்டை சுட்டுக் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு மரியாதைக்குச் சிரித்தாள். "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று நான் தொடங்கினாலே முகம் மாறிவிடும். என் சந்தோஷத்தை அவளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது.

விட்டுவிட்டேன். ஊருக்குப் போனால் எதையும் காட்டுவதில்லை, அவள் பாட்டுக்குச் சுற்றுவாள். ஒரு நாள் தேடிப் பார்த்தால் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரைக்குள் நின்று தொங்குகிற ஷீட்டுகளை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கும்மா இந்த மணம்" என்றாள். எந்த வாடைக்காக நான் கொடியைப் பிரித்தேனோ, அதை. எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அப்பாவிடம் சொன்னபோது மட்டும் அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். கொடி விஷயம் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

எல்லா மழையும் இப்படி இனிப்பாக இருந்ததில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. எங்கள் ஊரில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக முறிந்து கிடந்தன, வாழைத் தோட்டங்களைப் பார்க்கவே முடியவில்லை. பல நாள் கரண்ட் இல்லை. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் போனதற்கு முன்னால் மரங்களைப் பற்றிப் பேசவே வாய் வரவில்லை. அப்பா தான் வெட்டிய தோட்டத்துக்குப் போய் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மழையோடு காற்றும் சேர்ந்தால் அவர் படுப்பதில்லை. வராந்தாவில் உட்கார்ந்தே இருப்பார். காற்றில்லாத மழை என்றால் பழையபடி.

போன வருஷம் ஐப்பசியில் பாட்டா (என் அப்பா) வீட்டில் தங்கியிருந்த மகள், ராத்திரி ஓட்டில் விழும் மழையைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டாள். எங்கள் நாகர்கோவில் வீட்டு மாடியில் மழை பெய்வதே கேட்காது. பரீட்சை நாட்களில் அதைப் போட்டுக்கொண்டுதான் உறங்கினாள். நான் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஓடு, இறவாரத்தில் வைத்த குண்டாவில் சொட்டும் சத்தம், தூரத்தில் ஒரு நாய். நடுவில் அப்பாவின் இருமல்.

இந்தச் சித்திரையில் கண் ஆபரேஷனுக்காக அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கண்ணில் கட்டு, வெக்கை, இடம் மாறிய ராத்திரி, உறக்கமே இல்லை. மகள் போனை எடுத்துத் தலையணை அருகே வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார்.

"மழயா?"

"ஆமா பாட்டா."

"சித்திரையில இப்பிடிப் பெய்யாதே" என்றார். அப்புறம் காதைக் கொடுத்துக் கேட்டார். "இது ஐப்பசி மழலா. அந்தா இடி கேக்கு பாரு. ஆடி மழைக்கு இடி இருக்காது மக்ளே."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கட்டுப் போட்ட கண் மேலே இருக்கும்படி மெதுவாகத் திரும்பிப் படுத்தார்.